காஜா பேராங்கில் குளிர்காலம்

மலாக்கா நகரத்துக் காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் குளிர்காலம் டிசம்பர் மாத இறுதியில், காலைக் கோப்பிக்குப் பிறகு அறிவிக்கப்படும். அறிவிப்பவர் என் அக்காளின் கணவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வடக்குப் பக்கத்து ஜன்னலருகே போய் நின்று, புறங்கையை வெளியே நீட்டிச் சற்று நேரம் காற்றைப் பார்ப்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நாளையிலேருந்து ஆரம்பிச்சிடலாம்" என்பார். மறுநாள் விடியும்போது அந்தப் பலகை வீட்டின் ஜன்னல்கள் யாவும் சாத்தப்பட்டிருக்கும். இடுக்குகளில் பழைய கைலித் துணிகளைச் சுருட்டி அடைத்திருப்பார். நடு அறையில் இரண்டு பாய்கள் விரித்திருக்க, அவற்றில் ஒன்றின்மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடும் கழுத்தில் சுற்றிய துணியோடும் அத்தான் நிமிர்ந்து அமர்ந்திருப்பார்.

மலாக்காவை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆண்டின் கடைசியில் மழை பெய்யும்; அது ஓய்ந்தபின் வாடை வீசும் சில வாரங்களில் விடியற்காலை கொஞ்சம் இதமாக இருக்கும். வெயில் தென்னை உச்சியைத் தாண்டியதும் அந்த இதமும் போய்விடும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகள் அடி தெரிய வற்றும். சாலையோரத்து லாலாங் புல் தானாகத் தீப்பற்றும். அந்த மாதங்களில்தான் அத்தான் கம்பளி அணிந்தார்.

அவர் ஆங்கிலப் பள்ளியொன்றில் பூகோள ஆசிரியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலநடுக்கோட்டு நாடுகளில் பருவ மாற்றம் கிடையாது, ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம் என்று காலையில் கரும்பலகையில் எழுதிவிட்டு, பகலில் மிதிவண்டியை மிதித்து வந்து குளிர்காலத்துக்குள் நுழைந்துகொள்வார். இது எப்படிப் பொருந்தும் என்று ஒருமுறை கேட்டேன். நான் அப்போது சிங்கப்பூரில் பட்டம் பெற்றுத் திரும்பி, மலாக்கா நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காளின் திருமணத்துக்குப் பின் பெற்றோரை இழந்திருந்த எனக்கு அது ஒன்றே வீடு. தர்க்கம் பேசுவதில் ஆர்வம் மிகுந்த வயது.

அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. "பாடம் நெலத்தைப் பத்தினது தம்பி. நான் சொல்றது நெஞ்சைப் பத்தி" என்றார்.

பயிற்சி சூரிய நமஸ்காரத்தில் தொடங்கும். அதன்பின் முதுகையும் மார்பையும் விரிக்கும் ஆசனங்கள். இறுதியில் வெகுநேரம் மூச்சுப் பயிற்சி. அக்காள் இரண்டாவது பாயில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் செய்வதையெல்லாம் செய்வாள். சர்வாங்காசனத்தில் அவர் கால்கள் கூரையை நோக்கி உயரும்போது கம்பளிச் சட்டை வயிற்றிலிருந்து நழுவிவந்து முகத்தை மூடிவிடும். அதற்குள்ளிருந்து உத்தரவுகள் வரும்: "முட்டியை மடக்காதே. மூச்சை விட்டுடாதே."

"நான் விடலைங்க. மொதல்ல உங்க மூக்கைத் தேடிக் கண்டுபிடிங்க" என்பாள் அக்காள்.

மூடிய அறையில் இருவருக்கும் வேர்வை ஆறாக ஓடும். வேர்வையைக் கண்டால் அவர் முகம் மலரும். "பாத்தியா, குளிரு வெளியேறுது."

எங்களுக்கு அடுத்த வீடு சிட்டி என்னும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துடையது. பல தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்து வந்து, கோயிலையும் பொங்கலையும் விடாது காத்து, தமிழை மட்டும் வழியில் எங்கோ விட்டுவிட்டவர்கள் அவர்கள். வீட்டிலும் தெருவிலும் பேசுவது மலாய். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். அத்தான் கம்பளிச் சட்டையை வேலியோரக் கொடியில் உலர்த்தும்போதெல்லாம் அந்த அம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சிகு, சினி மானா அடா சல்ஜி?" என்று கேட்பார். வாத்தியாரே, இங்கே உறைபனி எங்கே இருக்கிறது என்று பொருள். அத்தான் வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன், "பெலும் லாகி, மக்சிக்" என்பார். இன்னும் வரவில்லை. மக்சிக்கின் சிரிப்பு இரண்டு வீடுகளுக்கும் கேட்கும்.

மலாயாவின் விடுதலைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்னும் செய்தியை மக்களுக்கு அறிவிக்கக் கடலோரத் திடலில் பெருங்கூட்டம் கூடியது ஒரு பிப்ரவரி மாதத்தில். நாங்கள் மூவரும் போயிருந்தோம். வெயிலில் நின்றவர்கள் செய்தித்தாளால் தலையை மூடிக்கொண்டார்கள். சர்பத் விற்பவனிடம் கூட்டம் மொய்த்தது. அத்தான் கம்பளிச் சட்டையோடு நின்றார். அவருடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் பக்கத்தில் நெருங்கி வந்து, "என்ன வாத்தியாரே, வெள்ளைக்காரன் போறான்னு அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு வழியனுப்ப வந்தீங்களா?" என்றார்.

"அவன் மொதல்ல கப்பலேறட்டும். நான் கழட்டிர்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திடல் முழுவதும் விடுதலை என்று பொருள்பட 'மெர்டேக்கா' என்று முழங்கியபோது அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. தொண்டையைத் திறந்து கத்தினால் காற்று நெஞ்சில் இறங்கிவிடும் என்ற அச்சம். மறு ஆண்டு ஆகஸ்டில் விடுதலை வந்தது. அந்த டிசம்பரில் அவர் மறுபடியும் அதே சட்டையை அணிந்தார்.

இவ்வளவுக்கும் அவர் சொன்ன காரணம் எளியது. ஆசிரியப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே கழித்த முதல் குளிர்காலத்தில் சளி பிடித்து உடல் நலிந்ததாம். ஊர் நூலகத்தில் யோகாசனம் பற்றிய ஆங்கில நூல் ஒன்று கையில் கிடைத்ததாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நூலைப் பார்த்துத் தாமாகவே பயின்று, அடுத்த குளிர்காலத்தை ஒரு தும்மலின்றிக் கடந்தாராம். தமிழரான அவர் யோகத்தை ஆங்கிலேயர் ஊரில் ஆங்கிலத்தில் கற்றார் என்பது எங்களுக்குப் பெரும் வேடிக்கை. அக்காளுக்கோ அவர் சொன்னதில் வேறொன்று பட்டிருந்தது. "மனுஷன் கப்பல்ல தனியா வந்து எறங்கலடா தம்பி. அந்தக் குளிரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் திரும்பி வந்தபின்தான் அவருக்கும் அக்காளுக்கும் திருமணம் நடந்தது. அவரைப் போல் மனைவியைப் பேணிய ஒருவரை நான் கண்டதில்லை. மழையில் நனைந்துவிட்டால் அவரே அவள் தலையைத் துவட்டுவார். அவள் குளிக்க வெந்நீரை அவரே காய்ச்சுவார். பயிற்சி முடிந்ததும், அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவள் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்பார். இடப்புறம், வலப்புறம், தோளெலும்பின் கீழ், மறுபடியும் மேலே. "இழு. மெதுவா விடு." அவர் கண்கள் அப்போது மூடியிருக்கும்.

"என்னாங்க கேக்குது?"

"ஒண்ணும் இல்ல" என்பார். அந்த 'ஒண்ணும் இல்ல'வைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றிய நிம்மதி ஒரு சளிக்குரியதாக எனக்குப் படவில்லை. ஆயினும் அதை நான் அன்று ஆராயவில்லை. அன்பின் மிகுதி என்றே கொண்டேன்.

விடுதலை பெற்ற அந்த ஆண்டின் டிசம்பரில் அக்காள் இருமத் தொடங்கினாள். வறட்டு இருமல், பகலில் குறைந்து மாலையில் கூடும். மாலையில் உடம்பும் சுட்டது. அத்தான் காதை வைத்துக் கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகப் பயிற்சியைக் கூட்டினார். காலையில் மட்டும் இருந்தது மாலையிலும் வந்தது. மூச்சை அடக்கும் நேரத்தை நீட்டினார். இஞ்சியும் மிளகும் இட்ட கஷாயம் ஓயாமல் அடுப்பில் கொதித்தது. அக்காளின் சோளியைத் தைத்துச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

நான் சொல்லிப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாத்துடலாம் அத்தான்."

"குளிர்காலம் முடியட்டும்."

"இதுக்கும் குளிருக்கும் என்னா சம்பந்தம்?"

"எல்லாம் அதோட வந்து அதோட போயிடும். எனக்குப் போச்சு."

அவர் குரலில் பிடிவாதம் இருந்திருந்தால் நான் வாதிட்டிருப்பேன். அதில் கெஞ்சல் இருந்தது. அக்காள் எங்களிருவரையும் பார்த்து, "விடுடா தம்பி, இன்னும் கொஞ்ச நாளுதானே. அவரு சொல்றபடி செஞ்சிட்டுப் பாப்போம்" என்றாள். மக்சிக் வேலிக்கு அப்பாலிருந்து அவளை உற்றுப் பார்த்தார். அந்த மாதம் உறைபனி பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, உன் அக்காளை மருத்துவமனைக்கு எப்போது கொண்டுபோகிறாய் என்று மலாயில் கேட்டார்.

ஜனவரியில் ஒரு காலை. மூச்சை உள்ளே நிறுத்தி அமர்ந்திருந்த அக்காள் திடீரெனக் குனிந்து இருமினாள். இருமல் நிற்கவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் இரத்தம் இருந்தது. பாயிலும் தெறித்திருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாடகைக் கார் பிடிக்கக் கிளம்பினேன். அத்தான் எழுந்து வந்து கதவருகில் நின்றார். என்னைத் தடுக்க நின்றவர்தாம். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"அங்கே போனா படுக்க வைப்பான். படுக்க வச்சா வெளியே கொண்டு போயிப் போடுவான்" என்றார்.

"என்ன சொல்றீங்க அத்தான்?"

அப்போதுதான் அவர் சொன்னார். கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, வகுப்பில் பேசும் அதே நிதானத்தில். இங்கிலாந்தில் அவருக்கு வந்தது சளியன்று, காசநோய். ஒரு மலைச்சரிவில் இருந்த நோயாளர் இல்லத்தில் பல மாதங்கள் கிடந்தார். தூய காற்றே மருந்து என்பது அந்த இல்லத்தின் முறை. கட்டில்களைத் திறந்த முற்றத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள், குளிர்காலத்திலும். காலையில் விழிக்கும்போது போர்வையின்மேல் பனி படிந்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒரு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி. இருவருக்கும் ஒரே நாளில் ஊசி மருந்து தொடங்கப்பட்டது. நூலக வண்டியில் வந்த யோக நூலைப் படித்து, அத்தான் போர்வைக்குள் ஒளிந்து மூச்சுப் பயிற்சி செய்தார். வசந்தம் வருவதற்குள் அந்த மனிதர் இறந்தார். இவர் எழுந்து நடந்தார்.

"ஊசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் தம்பி. மூச்சு எனக்கு மட்டும்தான்."

அவருடைய நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு சான்றின்மேல் நின்றது. இன்றும் அதை மறுக்க எனக்குத் தெரிந்த தர்க்கம் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் அவள் முதுகில் காதை வைத்து ஆண்டுக்கணக்கில் எதைத் தேடினார் என்பதும் அக்கணத்தில் எனக்கு விளங்கியது. டிசம்பரில் அவர் கேட்பதை ஏன் நிறுத்தினார் என்பதும் விளங்கியது.

அக்காள் பாயில் அமர்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முந்தானையை மடித்து இரத்தத்தை உட்புறமாக்கினாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"எங்க வீட்டுல சொல்லல."

"சொன்னா குடுத்திருக்க மாட்டாங்க."

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, "நீ போயிக் காடியக் கூப்பிடு தம்பி" என்றாள். "அவரு பொழைச்ச எடத்துக்கே நானும் போறேன்."

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், முதியவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, எங்கள் மூவரையும் உட்கார வைத்துக் கேட்டார். "வீட்டிலை வேறை ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. முந்தி ஊசி போட்ட ஆளிட்டை இருந்து தொத்தியிருந்தா, அந்த ஊசி இவவுக்குக் கேளாமலும் போகும். வேறை மருந்து பாக்கவேணும்."

அத்தான் வெளிறிப்போனார். காசநோய் கண்டவர் என்பது தெரிந்தால் ஆசிரியர் வேலை நிலைக்காது என்பதை அந்த அறையில் இருந்த எல்லாரும் அறிவோம். அக்காள் அவர் முகத்தைப் பார்க்காமலே டாக்டருக்குப் பதில் சொன்னாள்.

"இல்லைங்க டாக்டர். எங்க வீட்டுல யாருக்கும் இல்ல."

நான் வாய் திறப்பதற்குள் அத்தான் எழுந்து நின்றுவிட்டார், வகுப்பில் பெயர் அழைக்கப்பட்ட மாணவனைப் போல.

"அவ பொய் சொல்றா டாக்டர். எனக்கு இருந்துச்சு. இங்கிலாந்துல ஊசி போட்டாங்க." மருந்தின் பெயரையும், எத்தனை மாதம் என்பதையும் சொன்னார். டாக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்து விசுப்பலகையில் அக்காள் அவரைக் கடிந்துகொண்டாள். "எதுக்குச் சொன்னீங்க? வேலை போயிடுமே."

"மூச்சே போதும்னு நம்பியிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்பாடா" என்றாள் அக்காள். இருமலுக்கிடையே சிரித்தாள். "வாத்தியாருக்கு ஒரு பாடம் ஏறிடுச்சு."

அவளை வார்டில் சேர்த்தார்கள். வேறு மருந்து தொடங்கினார்கள். முதலில் உடம்பு தேறியது. முகத்தில் சதைகூடப் பிடித்தது. கொஞ்சம் முன்னாலே வந்திருந்தால் நல்லது என்று டாக்டர் ஒருமுறை மட்டும் சொன்னார்; பிறகு சொல்லவில்லை. அடுத்த பெருமழை தொடங்குவதற்குள் அக்காள் இறந்தாள். பள்ளி அத்தானை ஓய்வில் அனுப்பியிருந்தது, திரும்ப அழைக்கவில்லை. அண்டை அயலார் எங்கள் படியேறுவதை நிறுத்தியிருந்தார்கள். காரியத்தன்று பெரிய சட்டியில் சோறும் குழம்பும் ஏந்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எங்களோடு தரையில் அமர்ந்து உண்டவர் மக்சிக் ஒருவர்தான்.

அத்தானையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் பழைய தழும்புகள் மட்டுமே இருந்தன. சளியில் கிருமி இல்லை. அவர் டாக்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். தன்னிடமிருந்துதான் அவளுக்கு வந்ததா?

"அதை ஆராலையும் சொல்லேலாது" என்றார் டாக்டர். "இந்த ஊரிலை அது எல்லா வீட்டு வாசலாலையும் போய் வருகுது. உங்களிட்டை இருந்தும் இருக்கலாம், சந்தையிலை இருந்தும் இருக்கலாம்."

அதன்பின் அத்தான் பாயில் அமரவேயில்லை. மலாக்காவுக்கு வெளியே புக்கிட் ரம்பாய் என்னும் ஊரில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, வீடு தேடி வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். மறுமணம் செய்யவில்லை. மழையில் குடையில்லாமல் நடந்தார். எல்லா நோய்க்கும் வழிவிட்டு நின்றார். எந்த நோயும் அவரை அணுகவில்லை. மூச்சைப் பேணிய அவள் போனாள். மூச்சைக் கைவிட்ட இவர் எண்பதையும் கடந்து வாழ்ந்தார். இதை அவரும் கணக்கிட்டுப் பார்த்திருப்பார். என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆண்டுதோறும் அக்காளின் திதியன்று நான் அவரிடம் போவேன். படையல் முடிந்து இலை எடுத்தபின், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்பார். தொடக்கத்தில் நான் ஆறுதல் சொன்னேன். பிறகு, அரசு வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், நூல்களைத் தேடிப் படித்து, நோய் பரவும் விதத்தை விளக்கிச் சொன்னேன். நோய் அடங்கியவரிடமிருந்து ஆண்டுகள் கழித்துத் தொற்றுவது அரிது என்றேன். அரிது என்றால் இல்லை என்று பொருளா என்று கேட்டார். தொற்றவே தொற்றாது என்று சொல்ல என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

சென்ற திதிக்கும் போனேன். அவருக்கு அதுவே கடைசி; இரண்டு மாதம் கழித்து அவரை எரியூட்டிவிட்டு வந்தேன். அன்று அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. என் கையைத் தடவிப் பிடித்து, நான்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

"தம்பி, அவளுக்கு என்கிட்டேருந்துதான் வந்துச்சா?"

"தெரியல அத்தான்."

அவர் என் கையை விடவில்லை.

"நீ படிச்சவன்" என்றார். "தெரிய வந்தா மறைக்காம சொல்லிடு."